அம்பிகாபதி படம் பிறந்த கதை

தமிழ்ப் பேசும்படங்களுள் காதற் கதைக்கென்று தனிப்புகழ் பெற்ற பழைய படம் எதுவென்று முதியோரைக் கேட்டால், அவர்களுட் பலர் தயங்காது கூறும் பெயர் 'அம்பிகாபதி' என்பதாகும். 1937ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அப்படம் ஓராண்டுக் காலம் ஓடிற்று. எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழை அது மேலும் உயர்த்திற்று. அதில் அவர் பாடிய பாடல்கள் இசைத்தட்டுகளின் வாயிலாக வீடுதோறும் ஒலித்தன. இவை பலரும் அறிந்த செய்திகள். அப்படம் எவ்வாறு உருவாயிற்று, அதன் காதல் உரையாடல் எங்கிருந்து வந்தது, அதனை எழுதியவர் யார் என்பவை அத்துணைப் பேர் அறியாதவை. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை மாணவர்க்கு எடுத்துரைக்கும் தமிழாசிரியர்க்கு இப்பிற்பகுதியே பெரிதும் பயன்படும். ஏனெனில், தமிழில் ஒரு சொல்லேனும் சரிவர அறியாத அமெரிக்கர் ஒருவர், தமிழ்க் காதலின் பேச்சையே மாற்றியமைத்த படத்தை நெறிப்படுத்தினார் என்னும் வியப்பு அதனுள் அடங்கியிருக்கிறது.

கதையும் வரலாறும்

கவிச்சக்கரவர்த்தி கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழ மன்னனின் மகள் அமராவதி. இருவரும் காதல் கொண்டனர். செய்தி அரசன் செவிக்கு எட்டிற்று. சிற்றின்பச் சுவை சிறிதும் கலவாமல் நூறு பாடல்களை அவையில் பாடி முடித்தால் மன்னிப்பு, தவறினால் மரணம் என்று தீர்ப்பாயிற்று. அம்பிகாபதி பாடத் தொடங்கினான். மறைவில் இருந்த அமராவதி பாடல்களை எண்ணி வந்தாள். கடவுள் வாழ்த்தாக அமைந்த காப்புச் செய்யுளையும் அவள் கணக்கில் சேர்த்துவிட்டாள். தொண்ணூற்றொன்பது முடிந்த அளவில் நூறும் நிறைந்தது எனக் கருதித் தலையை வெளியே நீட்டினாள். அவளைக் கண்ட அம்பிகாபதியின் வாயினின்று காதற் பாட்டு வெளிப்பட்டது. அவன் தலை வீழ்ந்தது.

காப்புச் செய்யுளை நூற்கணக்கில் சேர்ப்பதா, விடுப்பதா என்னும் இலக்கண நுட்பத்தின்மேல் ஓர் உயிர் தொங்கும் கதை உலக இலக்கியத்தில் வேறு உண்டோ என்பது ஐயமே. புலவர்கள் கட்டிய கதை என்பதற்கு இதனினும் சிறந்த அகச்சான்று வேண்டுவதில்லை.

வரலாற்று நோக்கில் ஆராயுங்கால், இக்கதைக்குக் கல்வெட்டுச் சான்று ஏதுமில்லை. கம்பரின் காலத்தையே ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்பாரும் உளர். கதையில் வரும் குலோத்துங்கன் எந்தக் குலோத்துங்கன் என்பதும் தெளிவாகவில்லை. இக்கதையைப் பரவலாக்கிய நூல் 1876இல் வெளிவந்த வீராசாமிச் செட்டியாரின் 'விநோதரசமஞ்சரி'. செவிவழிக் கதைகளைச் சுவைபட உரைநடையில் தொகுத்த நூல் அது. ஆகவே, அம்பிகாபதியின் காதலை வரலாறு என்று கற்பித்தல் பொருந்தாது. தமிழர் பல தலைமுறைகளாகச் சொல்லி மகிழ்ந்தும் வருந்தியும் வந்த கதை என்று கற்பித்தலே முறை.

படத்தொழில் அன்று இருந்த நிலை

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கம் 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்'. அது பம்பாயில் எடுக்கப்பட்டது. சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள படப்பிடிப்பு நிலையம் 1934இல்தான் தோன்றிற்று. எனவே, தொடக்க ஆண்டுகளில் தமிழ் நடிகர் குழுக்கள் பாய், படுக்கை, சமையற்காரர் சகிதமாகப் புகைவண்டி ஏறிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் செல்வது வழக்கமாயிற்று. அம்பிகாபதியும் கல்கத்தாவில் கிழக்கிந்தியப் படக் கம்பெனியின் நிலையத்தில்தான் எடுக்கப்பட்டது. சோழநாட்டு அரண்மனையும் உறையூர்த் தெருவும் வங்க நாட்டுத் தச்சர்களின் கைத்திறனால் மரத்திலும் சாந்திலும் எழுந்தன.

அக்காலப் படப்பிடிப்பின் இடர்ப்பாடுகள் இன்று கேட்போர்க்கு நகைப்பூட்டும். பாகவதரின் முதற்படமாகிய 'பவளக்கொடி' 1934இல் சென்னை அடையாற்றில் கதிரொளியைக் கொண்டே எடுக்கப்பட்டது. குழுவினர் உண்டு எறிந்த சோற்றுக்குக் காக்கைகள் திரண்டன. அவற்றின் கரைதல் ஒலிப்பதிவைக் கெடுத்தது. காக்கைகளை விரட்டுவதற்கென்றே துப்பாக்கியுடன் ஓர் ஆளை அமர்த்த வேண்டியதாயிற்று. ஐம்பதளவு பாடல்கள் கொண்ட அப்படத்தில் உரையாடலுக்குக் கிடைத்த இடம் சிறிதே.

நடிகரே பாட வேண்டும் என்பதும் அக்கால விதி. ஒருவர் வாயசைக்க வேறொருவர் பின்னணியில் பாடும் முறை 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில்தான் தமிழில் தலைகாட்டிற்று. ஆகவே, நடிப்பாற்றல் குறைந்திருப்பினும் குரல்வளம் உடையவரே கதைத்தலைவர் ஆயினர். நாடக மேடையிலிருந்து வந்த அவர்கள், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்னும் பழக்கத்தால் உரக்கப் பேசினர், கைகளை அகல விரித்தனர். ஒலிவாங்கி தலைக்குமேல் இருப்பதை அவர்கள் உடல் இன்னும் உணரவில்லை. காதலன் காதலியிடம் மெல்லப் பேசும் பேச்சு திரையில் அரிதாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

டங்கன் வருகை

எல்லிஸ் ஆர். டங்கன் 1909இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர். தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படக்கலை பயின்றார். அங்கு உடன்பயின்ற மாணிக்லால் டாண்டன் என்னும் இந்திய நண்பரின் அழைப்பை ஏற்று 1935இல் இந்தியா வந்தார். சில திங்கள் தங்கிச் செல்லும் எண்ணத்துடன் வந்தவர் பதினைந்து ஆண்டுகள் தங்கிவிட்டார். டாண்டன் அப்போது கே. பி. சுந்தராம்பாள் நடித்த 'நந்தனார்' படத்தில் ஈடுபட்டிருந்தார். அதில் டங்கன் துணைபுரிந்தார். பின்னர், டாண்டனுக்கு வந்த 'சதி லீலாவதி' பட வாய்ப்பு டங்கனுக்குக் கைமாறிற்று. எஸ். எஸ். வாசனின் கதையைக் கொண்டு 1936இல் வெளிவந்த அப்படத்தில்தான் எம். ஜி. இராமச்சந்திரன் ஒரு சிறு வேடத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். எம். கே. இராதா அதன் கதைத்தலைவர்.

டங்கன் தமிழ் கற்றவர் அல்லர். நடிகர்கள் பேசுவதன் பொருளை ஆங்கிலம் அறிந்த துணைவர் வாயிலாக அறிந்தார். சொல்லை அறியாதவர் சொல்லுபவரின் முகத்தைக் கூர்ந்து நோக்குதல் இயல்பு. அவரும் அதனையே செய்தார். கண், புருவம், தலைசாய்வு, இரு பாத்திரங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஆகியவற்றைக் கொண்டே காட்சியின் உண்மையை அளந்தார். மேடையில் நிற்பதுபோல நேர்நின்று பேசும் முறையைக் குறைத்தார். காமிராவை ஓரிடத்தில் நட்டுவைக்காமல் நகர்த்தினார். முகத்தை அண்மையில் காட்டினார். பேச்சை அறியாமை அவருக்கு ஒருபுறம் தடையாக இருந்ததெனினும் மற்றொருபுறம் துணையாயிற்று எனலாம். ஆயினும், காதற் கதைக்குக் கண் மட்டும் போதாது, வாயும் வேண்டும். அந்த வாயாக அமைந்தவர் இளங்கோவன்.

இளங்கோவனின் எழுதுகோல்

இளங்கோவன் என்பது புனைபெயர். இயற்பெயர் தணிகாசலம். செங்கற்பட்டைச் சேர்ந்தவர். 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர் வட்டத்தோடு உறவு கொண்டவர். தமிழ்ச் சிறுகதை புத்துயிர் பெற்ற அவ்வட்டத்தில் ஆங்கில இலக்கியப் பயிற்சியும் தமிழ்ப் பற்றும் ஒருங்கே விளங்கின. அவ்விரண்டையும் அவர் திரைக்குக் கொணர்ந்தார்.

அம்பிகாபதியின் கதையைக் கேட்ட டங்கனுக்குச் சேக்சுபியரின் 'ரோமியோவும் சூலியத்தும்' நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. குடிப்பிறப்பும் அதிகாரமும் குறுக்கே நிற்க, காதலர் இருவர் மாளும் கதை அல்லவா இரண்டும்? 1936இல்தான் அந்நாடகம் ஆலிவுட்டில் பெரும்படமாக வெளிவந்திருந்தது. அந்நாடகத்தின் காதற் காட்சிகளைக் கருத்திற் கொண்டு உரையாடலை அமைக்குமாறு டங்கன் இளங்கோவனிடம் கூறினார். சேக்சுபியரின் நாடகத்தில் மாடத்தில் நிற்கும் காதலியிடம் விடைபெறும் காதலன், அவள் கண்களுக்கு உறக்கமும் நெஞ்சுக்கு அமைதியும் வாய்க்க வேண்டும் என வாழ்த்தி, அவ்வுறக்கமாகவும் அமைதியாகவும் தானே ஆகிவிட மாட்டேனா என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்தை இளங்கோவன் அம்பிகாபதியின் வாயில் வைத்தார். படம் பார்த்த தலைமுறை அதனை மனப்பாடம் செய்துகொண்டது. அது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று அறியாதவரே மிகுதி.

சேக்சுபியரைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்களுள் இளங்கோவன் முதல்வர் அல்லர். பம்மல் சம்பந்த முதலியார் அவருக்கு முன்னரே 'அமலாதித்யன்', 'மகபதி', 'வாணீபுரத்து வணிகன்' முதலிய நாடகங்களை அளித்தார். முதலியார் செய்தது முழு நாடகத்தையும் பெயர்த்து, மாந்தர்க்கும் ஊர்க்கும் தமிழ்ப் பெயர் சூட்டியது. கதை அயலதாகவே நின்றது. இளங்கோவன் செய்ததோ இதற்கு நேர்மாறானது. கதை தமிழ்நாட்டுக் கதை. மாந்தர் தமிழ் மாந்தர். அவர்கள் பேசும் பேச்சினுள் ஓர் அயல்நாட்டு எண்ணத்தை வைத்து, அது அயலது என்று தோன்றாதவாறு தமிழாக்கினார்.

அது ஏன் தோன்றவில்லை? இவ்வினாவே ஆராய்தற்குரியது. நள்ளிரவு, காவல் மிக்க மாளிகை, மதிலருகே தலைவன், உள்ளே துயிலாத தலைவி என்னும் காட்சி சங்கப் புலவர்களுக்குப் புதியதன்று. இரவுக்குறி என்னும் துறையில் நூற்றுக்கணக்கான பாடல்கள் உள. ஊர் துஞ்சாமை, நாய் துஞ்சாமை, நிலவு வெளிப்படுதல் என்று காதலர்க்கு நேரும் தடைகளையெல்லாம் வகுத்துக் கூறிய மரபு நம்முடையது. கோவை நூல்கள் அத்துறைகளை வரிசைப்படுத்தின. அம்பிகாபதியின் பெயராலேயே ஒரு கோவை நூல் வழங்கி வருகிறது. ஆகவே, மாடத்தடியில் நிற்கும் காதலனைக் கண்டபோது தமிழ் நெஞ்சம் அவனை அயலவன் என்று கருதவில்லை. வெரோனா நகரின் மாடமும் உறையூரின் மாடமும் ஒன்றாய்ப் பொருந்தின. வித்து வெளியிலிருந்து வந்தது. மண் முன்னரே உழப்பட்டிருந்தது.

மற்றொன்றும் கருதத்தக்கது. அகமரபு செய்யுளில் வாழ்ந்தது. அதனை உரைநடையில், பேசும் குரலில், பொதுமக்கள் கூடிய கொட்டகையில் ஒலிக்கச் செய்தல் எளிதன்று. செய்யுளை அப்படியே பேசினால் விளங்காது. தெருவின் பேச்சைப் பேசினால் கம்பரின் மகனாகத் தோன்றான். பழைய படங்களின் வடசொல் மிகுந்த கலப்பு நடையோ காதலின் மென்மைக்கு உதவவில்லை. இம்மூன்றுக்கும் நடுவே கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் விளங்கும் ஒரு நடையை இளங்கோவன் கண்டார். பாடலுக்கும் பாடலுக்கும் இடையே பொழுது போக்கும் பாலமாக இருந்த வசனம், கேட்டு மகிழ்தற்குரிய கலையாக உயர்ந்தது.

நடித்தோரும் பாடல் புனைந்தோரும்

அமராவதியாக நடித்தவர் நாடக மேடையில் பயின்ற எம். ஆர். சந்தானலட்சுமி. கம்பராகச் செருகளத்தூர் சாமாவும், அரசனாகப் பி. பி. ரங்காச்சாரியும், வஞ்சகன் உருத்திரசேனனாக டி. எஸ். பாலையாவும் தோன்றினர். என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நகைச்சுவை அளித்தனர். பாடல்கள் பாபநாசம் சிவனுடையவை. இசைத்துறையில் தெய்வப் பாடல்களால் புகழ் கொண்ட சிவன், காதற் கதைக்கும் பாடல் புனைந்தார். சிற்றின்பம் கலவாத பாடல்களையும் காதற் பாட்டையும் ஒரே மேடையில் மோதவிடும் கதைக்கு அவர் எத்துணைப் பொருத்தமானவர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதே 1937இல் வெளிவந்த 'சிந்தாமணி'யும் பாகவதருக்குப் பெருவெற்றி ஈட்டியது. ஓராண்டில் இரு பெரும்படங்கள். மக்கள் பாகவதரின் குரலைக் கொண்டாடினர். அவர் அணிந்த வேட்டியையும் வளர்த்த முடியையும் இளைஞர் பின்பற்றினர். இப்பேரொளியில் எழுதியவர் பெயர் மங்கிற்று. எனினும் படமுதலாளிகள் இளங்கோவனை மறக்கவில்லை. 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'கண்ணகி', 'சிவகவி', 'ஹரிதாஸ்' என அவர் எழுதுகோல் தொடர்ந்தது. 1942இல் வெளிவந்த 'கண்ணகி'யில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா அவர் எழுதிய வசனங்களை முழங்கியபோது கொட்டகைகள் அதிர்ந்தன. வசனத்துக்காகவே படம் பார்க்கும் வழக்கம் பின்னாளில் அண்ணாதுரையாலும் கருணாநிதியாலும் பெருகிற்று. அவ்வழியின் முதற்கல்லை நட்டவர் இளங்கோவன் என்பதை மறத்தல் நன்றியாகாது.

டங்கனும் ஓயவில்லை. 1940இல் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை', 1945இல் 'மீரா' ஆகியவை அவர் நெறிப்படுத்தியவை. 'மீரா'வுக்காகச் சுப்புலட்சுமியின் முகத்தைச் சுதையில் வடித்து, எக்கோணத்தில் ஒளி விழுந்தால் முகம் எவ்வாறு தோன்றும் என்பதை அச்சிலையின்மேல் விளக்குகளை மாற்றி மாற்றி ஆராய்ந்தார். 1950இல் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவிய 'பொன்முடி'யை எடுத்தார். காதற் காட்சிகளின் நெருக்கம் மிகுந்துவிட்டது என்று அப்படத்துக்குக் கண்டனம் எழுந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்பிகாபதியில் வரவேற்கப்பட்ட துணிவு இங்கே எல்லை கடந்ததாகக் கருதப்பட்டது. அவ்வாண்டே கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'யை முடிக்குமுன் அமெரிக்கா திரும்பினார். எஞ்சிய பகுதியை டி. ஆர். சுந்தரம் முடித்தார். டங்கன் 2001இல் மறைந்தார்.

அம்பிகாபதி கதை 1957இல் மீண்டும் படமாயிற்று. சிவாஜி கணேசனும் பானுமதியும் காதலராயினர். ப. நீலகண்டன் நெறிப்படுத்தினார். கம்பர் வேடம் பாகவதரை நாடிச் சென்றதென்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் திரைவரலாறு எழுதியோர் குறிப்பர். காதலனாக வாழ்ந்த கதையில் அக்காதலனின் தந்தையாக நிற்க எந்தக் கலைஞனின் மனந்தான் எளிதில் இசையும்? டங்கனின் முதற்படக் கதைத்தலைவரான எம். கே. இராதா கம்பரானார். இரு படங்களிலும் இடம்பெற்ற என். எஸ். கிருஷ்ணன், இரண்டாவது படம் வெளிவருமுன் 1957 ஆகஸ்டில் காலமானார். பாகவதர் 1959 நவம்பரில் மறைந்தார்.

பினாங்கின் ஒப்புமை

மொழி அறியாதவர் அம்மொழியின் காதற் படத்தை நெறிப்படுத்திய விந்தை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அதற்கு மற்றொரு சான்று மலாய்ப் படவுலகில் கிடைக்கிறது. 1934இல் வெளிவந்த முதல் மலாய்ப் பேசும்படம் 'லைலா மஜ்னுன்' என்னும் காதற் கதையே. அதனை நெறிப்படுத்தியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்னும் இந்தியர். போருக்குப்பின் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் நிலையத்தில் வங்காளியரும் தமிழருமாகப் பல இந்திய நெறியாளர்கள் பணிபுரிந்தனர்.

சுங்கை பினாங் வட்டாரத்தை ஒட்டிய கவுண்டர் ஹால் பகுதியில் 1929இல் பிறந்த பி. ரம்லி, 1948இல் 'சிந்தா' படத்தில் பின்னணி பாடியும் எதிர்நிலைப் பாத்திரத்தில் நடித்தும் அறிமுகமானார். அவருக்கு முதன்முதல் கதைத்தலைவர் வேடம் தந்த படம் 1950இல் வெளிவந்த 'பக்தி'. அதன் நெறியாளர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர். 'பக்தி' என்னும் சொல் மலாயில் தொண்டு என்னும் பொருளிலும் வழங்கும். சொல்லும் கலைஞரும் கடல் கடந்து வந்து வேறு மண்ணில் வேர்விட்ட செய்தியை அத்தலைப்பே கூறுகிறது. ரம்லி பிறந்த வீடு இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. அவர் பெயரால் சாலை விளங்குகிறது. மலாய் மக்கள் தம் கலைஞரைப் போற்றும் முறை அது.

தமிழாசிரியர் கடமை

அந்த ஒப்புமை ஒரு வினாவை எழுப்பாமல் விடாது. இளங்கோவனின் பெயரைத் தமிழ் மாணவர் எத்துணைப் பேர் அறிவர்? உரைநடை வளர்ச்சி என்னும் பாடத்தில் வீரமாமுனிவர், ஆறுமுக நாவலர், மறைமலையடிகள், திரு. வி. க. என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவர்கள் எழுத்தைப் படித்தோர் ஆயிரக்கணக்கானோர். எழுத்தே அறியாத இலட்சக்கணக்கானோரின் செவியில் நல்ல தமிழ் உரைநடையைச் சேர்த்தவர் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. திரைக்கு எழுதினார் என்பதே அவர் செய்த குற்றம் போலும்.

கடன் வாங்கிய எண்ணம் என்பதால் அவர் பெருமை குறையுமா என்று கேட்பார் இருக்கலாம். கம்பர் வான்மீகியிடமிருந்து கதையைப் பெற்றார். அதனைத் தமிழ்மரபுக்கு ஏற்ப மாற்றினார். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். தந்தைக்குப் பொருந்தும் நீதி மகனின் கதைக்கு உரையாடல் எழுதியவருக்கும் பொருந்த வேண்டும். மூலத்தை மறைத்துச் சொல்லாமலும், மூலம் உண்டென்பதற்காக இகழாமலும் இருபுறமும் நேர்மையாக மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று. சேக்சுபியரின் காட்சியையும் இரவுக்குறிப் பாடல் ஒன்றையும் அருகருகே வைத்து ஒரு வகுப்பு நடத்தினால், இருமொழி இலக்கியமும் மாணவர் மனத்தில் ஒருங்கே பதியும்.

தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்களிற் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அவற்றின் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டு வகை. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாடுகளில் அவை நெடுநாள் நில்லா. ஓலைச்சுவடிகளைக் கறையானிடமிருந்து மீட்க உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். படச்சுருளுக்கு அத்தகையவர் உரிய காலத்தில் வாய்க்கவில்லை. எஞ்சியிருப்பவை பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகள், முதியோரின் நினைவு ஆகியவையே. பழைய பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில், கொட்டை எழுத்தில் பாகவதரின் பெயரும் அதற்குக் கீழே சிற்றெழுத்தில் பிறர் பெயர்களும் இருக்கும். அச்சிற்றெழுத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஆசிரியர் தமிழுக்கு ஒரு தொண்டு செய்தவராவார்.